நல்லர்பாரில் தூக்கிய கை

செம்மண்:
ஆஸ்திரேலியாவில் நல்லர்பார் சமவெளி வழியாகப் பெர்த்திலிருந்து அடிலெய்டுக்குக் காரில் போனவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள், அதனால் பாதை விவரம் சொல்லவில்லை. பாலடோனியா தாண்டி வரும் 146 கிலோமீட்டர் நேர்சாலையில்தான் நடந்தது. சாயங்காலம், சூரியன் முதுகுப் பக்கம். மனைவியும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் ஓரமாக நிற்பது தெரிந்தது. கிட்டே போனால் பக்கத்தில் ஒரு பெரியவர். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். நானும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கடந்துவிட்டேன். அங்கே எதிரில் வருகிற எல்லோருக்கும் அப்படித்தானே செய்வோம்? கண்ணாடியில் பார்த்தேன். தூக்கிய கை அப்படியே இருந்தது, அசையவில்லை.

அடுத்து வந்த கைகூனா ரோட்ஹவுஸில், அதாவது பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் வழிநிலையத்தில், சொன்னேன். மேற்கே போகிற லாரிக்காரர்களைப் பார்க்கச் சொல்வதாகக் கவுண்டரில் இருந்த அம்மா சொன்னார். நான் திரும்பிப் போகவில்லை. மூன்று வருடம் ஆகிறது.

நீலவானம்:
சும்மா வணக்கம் சொல்லியிருப்பார், மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு அதே சாலையில் மதுரா ரோட்ஹவுஸுக்கு முன்னால், பொழுது விடியும்போது, ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்து அடிபட்டுச் செத்துவிட்டது. நான் கைகால் நடுங்கி நிற்க, பின்னால் வந்த ரோட் ட்ரெய்ன் (பல இழுவைப் பெட்டிகள் கோத்த நீள லாரி) ஓட்டுநர் இறங்கி நேராக அதன் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். குட்டி உயிரோடு இருந்தது. தன் கம்பளிக் குல்லாவுக்குள் அதை வைத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குல்லாவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால் இன்னும் கண்ணில் நிற்கிறது.

யூக்ளாவாசி:
நீலவானம், "சும்மா" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வணக்கம் சொல்கிறவர் கையை உடனே இறக்கிவிடுவார். அதோடு, விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் அங்கே ஓட்டவே கூடாது. கங்காரு, ஒட்டகம், வாம்பாட் என்ற குட்டைக்கால் விலங்கு மூன்றுக்கும் சேர்த்து எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது படம் எடுக்க அல்ல.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவில் சுமார் 180 கிலோமீட்டர், இடையில் பெட்ரோல் கிடையாது. ரோட்ஹவுஸ் கண்ணில் பட்டால் டேங்கை நிரப்புங்கள், விலையைப் பார்க்காதீர்கள். பெரும்பாலான இடத்தில் போனில் சிக்னல் இருக்காது. வண்டிக்கு வண்டி பேசும் யூஎச்எஃப் ரேடியோ ஒன்று வைத்துக்கொண்டு 40ஆம் சேனலில் போட்டால் லாரிக்காரர்கள் கேட்பார்கள். ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீராவது தனியாக இருக்கட்டும். கிழக்கே போகும்போது கைகூனா தாண்டியதும் நேரம் மாறும், கடிகாரத்தை 45 நிமிடம் முன்னால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் சமையலறை மூடியபிறகு போய் நிற்பீர்கள். சாலையில் விமான ஓடுபாதை மாதிரிக் கோடுகள் வரும், அது அவசர நோயாளிகளுக்காக வரும் பறக்கும் மருத்துவர் சேவை விமானம் இறங்கும் இடம், அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். மேற்கே போனால் மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எதையும் விடமாட்டார்கள். கிழக்கே போனால் சோதனை செடூனா ஊரில். என் அம்மா கட்டிக்கொடுத்த கறிவேப்பிலை எல்லைக் குப்பைத்தொட்டிக்குள் போனது. என் கதை அவ்வளவுதான், ஆனால் அம்மாவிடம் அதை நான் இதுவரை சொல்லவில்லை.

நீலவானம்:
எனக்குக் காலையில் ஓட்டும் ஆசை இல்லை. அடிலெய்டில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

யூக்ளாவாசி:
தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

செம்மண்:
ரேடியோ அப்போது என்னிடம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சொன்னதைப் படித்தபிறகு மறுபடி யோசித்துப் பார்த்தேன். காரின் பானட் மூடித்தான் இருந்தது, டயரும் சரியாகத்தான் இருந்த மாதிரி ஞாபகம். ஆனால் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே யாராவது படுத்திருந்தார்களா என்று நான் பார்க்கவில்லை.