பிரைட் (ஜப்பானில் நடந்த கலப்புச் சண்டைப் போட்டி) பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? மனசை விட்டுப் போகாத ஒரே ஒரு காட்சி சொல்லுங்கள்

கவாகுச்சிவாசி எழுதியது:

நானே ஆரம்பிக்கிறேன். 2007 ஏப்ரல் 8, சைதாமா சூப்பர் அரீனா, பிரைட் 34. அமெரிக்கர்களுக்கு விற்றாச்சு என்று மார்ச் 27-ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். தொடர்ந்து நடக்கும் என்றுதான் சொன்னார்கள். அரங்கத்தில் அதை நம்பின முகம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சொகூஜு இரண்டு நிமிஷத்துக்குள் அரோனாவைச் சாய்த்தது, கடைசியில் மான்சன் ஃபுஜிதாவின் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கியது, அவ்வளவுதான் ஞாபகம். எனக்கு மேல் அடுக்கு டிக்கெட். அந்த ஊர்க் கூட்டம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தரையில் பிடி போட்டுக் கிடக்கும்போது மூச்சுச் சத்தம்கூட இருக்காது, மூலையில் நிற்கும் பயிற்சியாளர் கத்துவது மேலே வரைக்கும் கேட்கும். காலைக் கடந்து பக்கவாட்டுக்குப் போனால் மட்டும் ஒரு கைதட்டல்.

என் பக்கத்து சீட்டில் கோட்டு சூட்டோடு ஒரு பெரியவர். அறுபது வயது இருக்கும். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது எழுந்து நின்று, காலியாகக் கிடந்த ரிங்கைப் பார்த்துக் குனிந்து வணங்கி, "ஒட்ஸுகாரேசமா தெஷிதா" என்றார். என் ஆபீஸில் தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்வதுதான். 'இன்றைக்கு நன்றாக உழைத்தீர்கள்' என்கிற மாதிரி. அங்கே அதைக் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் ரயிலுக்கு நேரமாச்சு என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பதிலுக்கு நானும் குனிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பிரைட் பெயரில் ஒரு நிகழ்ச்சி நடக்கவில்லை. அக்டோபர் 4-ஆம் தேதி டோக்கியோ அலுவலக ஊழியர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சிராங்கூன்99 எழுதியது:

நான் நேர்ல பார்த்ததில்ல. சிங்கப்பூர்ல ஒரு கடையில வாங்கின விசிடி. 2000 மே 1, டோக்கியோ டோம், கிராண்ட் பிரீ தொடரோட கடைசி நாள், காலிறுதியிலேர்ந்து எல்லாம் அன்னிக்கே. ஜப்பான் வீரர் சகுராபாவும், பிரேசில் ஜியு-ஜிட்சு குடும்பத்து ராய்ஸ் கிரேசியும். கதை எல்லாருக்கும் தெரியும், 15 நிமிஷ ரவுண்டு ஆறு, மொத்தம் 90 நிமிஷம், கால் முழுக்க உதை வாங்கி ராய்ஸால எழுந்திருக்க முடியல, அண்ணன்காரர் தோல்வியை ஒத்துக்கிட்டுத் துண்டைப் போட்டுட்டார்.

எங்க அப்பா இந்த மாதிரி எதையும் பார்க்க மாட்டார். அன்னிக்குக் காபி டம்ளரோட வாசல்படியில நின்னுட்டே பார்த்தார். சகுராபா ஒரே மாதிரி முகமூடி போட்ட ரெண்டு பேரோட வந்தாரே, அதுக்குச் சிரிச்சார். ராய்ஸோட சட்டையைப் பிடிச்சு இழுத்து விளையாடினப்பவும் சிரிச்சார். முடிஞ்சதும் போயிடுவார்னு நினைச்சேன். போகல.

அடுத்த டிஸ்க்ல அரையிறுதி. வோவ்சான்சின் வந்தாச்சு. எதிர்ல மறுபடியும் சகுராபா. அப்பா டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "இப்பதானே ஒன்றரை மணி நேரம் அடிச்சுக்கிட்டான், திரும்பவும் இவனா வரான்?"னு கேட்டார். ஆமாப்பா, ஒரே ராத்திரிதான்னேன். "இவனுக்கு வீட்ல யாரும் இல்லையா?"ன்னார். அந்தக் கேள்வி இன்னிக்கும் காதுல இருக்கு.

ஜூடோ மாணவன் எழுதியது:

சிராங்கூன் அண்ணா, "துண்டைப் போட்டுட்டார்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது எனக்கு ஒப்பவில்லை.

நேர வரம்பு கூடாது, நடுவர் நிறுத்தக் கூடாது, புள்ளி வைத்து முடிவு சொல்லக் கூடாது என்றெல்லாம் கேட்டு வாங்கியதே கிரேசி தரப்புதான். அவர்களே கேட்ட விதியில் அவர்களே துண்டைப் போட வேண்டி வந்தது என்பதுதான் அந்த ராத்திரியின் கனம். இன்னும் பின்னால் போங்கள். 1951, ரியோ, மரக்கானா மைதானம். ராய்ஸின் அப்பா ஹீலியோவும் ஜூடோ வீரர் கிமுராவும். கிமுரா கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பிடித்தார். ஹீலியோ கடைசி வரை தட்டவே இல்லை (தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்), மூலையிலிருந்து அண்ணன் துண்டை எறிந்தார். அந்தப் பிடிக்குத்தான் கிரேசிகள் கிமுரா என்று பெயர் வைத்தார்கள். அதே பிடியில்தான் 1999 நவம்பரில் பிரைட் 8-ல் சகுராபாவிடம் ராய்ஸின் அண்ணன் ராய்லர் மாட்டினார், 2000 ஆகஸ்டில் பிரைட் 10-ல் அதே குடும்பத்து ரென்ஸோ மாட்டினார். ராய்லரும் தட்டவில்லை, நடுவர்தான் நிறுத்தினார். ரென்ஸோவும் தட்டவில்லை, முழங்கை கழன்றது. தன் பையனோ தம்பியோ தட்டவே மாட்டான் என்று தெரிந்த வீட்டில், துண்டு எறிகிறவன் மனசு என்ன பாடு படும்? அதைக் கோழைத்தனம் என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் அனுபவம் சின்னது. பயிற்சியில் ஒரு பையனுக்கு இதே பிடியைப் போட்டேன். அவனும் தட்டவில்லை. தட்டுவான், தட்டுவான் என்று நானும் விடவில்லை. 'டொக்' என்றது. அவன் ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு வந்தான்.

யோயோகி எழுதியது:

2002 ஆகஸ்ட் 28. டோக்கியோ தேசிய மைதானம், திறந்த வெளி. அப்போது அங்கே மாணவனாக இருந்தேன். 91,107 பேர் என்று அறிவித்தார்கள். அந்த எண்ணைக் குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு, நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் மல்யுத்த ஜாம்பவான் இனோகி வானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கியபோது எழுந்த சத்தம் நெஞ்செலும்பில் அதிர்ந்தது.

என் காட்சி பிரேசில் வீரர் நொகேரா. எதிரே பாப் சாப், அவரைவிட ஐம்பது கிலோவுக்கு மேல் கூடுதல். ஆரம்பத்திலேயே நொகேரா காலைப் பிடிக்கப் பாய்ந்தார். சாப் அவரை அப்படியே தலைகீழாகத் தூக்கி, தலை தரையில் படக் குத்தினார். என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்து போய்விட்டது என்றே நினைத்தேன். சின்ன வயதில் லாரி ஏறி முதுகில் பள்ளம் விழுந்த மனிதர் அவர். அந்தப் பள்ளம் பெரிய திரையில் தெரிந்தது. இரண்டாவது ரவுண்டில் சாப்பின் கையை நீட்டிப் பிடித்து ஜெயித்தார். நான் அழுதுவிட்டேன்.

கவாகுச்சி நண்பருக்கு ஒன்று. பிரைட் முடிந்தது 2007-ல் அல்ல, 2006 ஜூன் 5. யாகூசா (குற்றக் கும்பல்) தொடர்பு பற்றி ஒரு வாரப் பத்திரிகை விடாமல் எழுதி, ஃபுஜி டிவி ஒப்பந்தத்தை முறித்த நாள் அது. தொலைக்காட்சிப் பணத்தில் நின்ற வீடு. தூண் போன பிறகு நீங்கள் பார்த்தது சுவர்கள்தான்.

கவாகுச்சிவாசி எழுதியது:

யோயோகி சார், பணக் கணக்கு நீங்கள் சொல்வதுதான். ஆனால் டிவி போன மூன்று மாதம் கழித்து, 2006 செப்டம்பர் 10, அதே சைதாமாவில் குரோஷிய வீரர் கிரோ காப் ஒரே இரவில் சில்வாவையும் பார்னெட்டையும் ஜெயித்தார். அன்று அவருக்கு 32-வது பிறந்த நாள். அத்தனை வருஷம் கல்லு மாதிரி இருந்த மனிதர் பெல்ட்டோடு நின்று அழுதார். அதைப் போய்ச் சுவர் என்று எப்படிச் சொல்வது?

இரவுப்பறவை எழுதியது:

2004 ஜூன் 20. ரேண்டில்மேன் ரஷ்ய வீரர் ஃபெடோரைப் பின்னாலிருந்து தூக்கித் தலைக்கு மேலாக எறிந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார், நான் அவ்வளவு கத்தியிருக்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஃபெடோர் ரேண்டில்மேனின் கையைப் பூட்டிச் சண்டையை முடித்துவிட்டார். ரேண்டில்மேன் 2016-ல் போய்ச் சேர்ந்தார். அந்த வீடியோவை அதன் பிறகு நான் போடவில்லை.

பழைய ஒலிநாடா எழுதியது:

நானும் ஃபெடோர்தான். 2005 ஆகஸ்ட் 28, கிரோ காப்புடன் மோதியதை விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது ரவுண்டில் கிரோ காப் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி பின்னால் பின்னால் போன அந்த நடை. அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற புதியவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தம்பிகளே, நாக் அவுட் தொகுப்பில் தொடங்காதீர்கள். கீழே கிடப்பவன் தலையில் உதைப்பதும் மிதிப்பதும் அங்கே அனுமதி, தொகுப்பில் அது மட்டும்தான் இருக்கும், பிரைட் அதுதான் என்று நினைத்துவிடுவீர்கள். 1997 அக்டோபர் 11-லிருந்து தொடங்குங்கள். டோக்கியோ டோம், முதல் நிகழ்ச்சி. மல்யுத்த நட்சத்திரம் டகாடாவை ரிக்ஸன் கிரேசி ஐந்து நிமிஷத்துக்குள் கையைப் பிடித்து முடித்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே தேதி, அதே இடம், பிரைட் 4-ல் மறுபடியும் அதே தோல்வி. அந்த இரண்டு தோல்வியையும் பார்க்காமல் சகுராபா யார் என்று புரியாது. டகாடாவின் பட்டறையில் வளர்ந்த பையன் அவர். அப்புறம் பிரைட் 8, 10, நடுவில் 2000 கிராண்ட் பிரீ. அப்புறம் பிரைட் 13, சில்வா சகுராபாவை அடித்த நாள், கஷ்டமாக இருந்தாலும் பாருங்கள். பிரைட் 21-ல் டான் ஃப்ரையும் டகாயாமாவும் ஒருவர் தலையை ஒருவர் பிடித்துக்கொண்டு குத்தினதைத் தனியாகப் பார்க்காமல் முழு நிகழ்ச்சியோடு பாருங்கள். ஆரம்ப ஊர்வலத்தைத் தாண்டாதீர்கள், டைகோ முரசும் அறிவிப்பாளர் லென்னி ஹார்ட்டின் குரலும் இல்லாமல் பிரைட் இல்லை. பின்னாளைய நிகழ்ச்சிகளில் முதல் ரவுண்டு பத்து நிமிஷம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எட்டாவது நிமிஷத்தில் கை தொங்குவது அதனால்தான். சும்மா படுத்துக் கிடந்தால் மஞ்சள் அட்டை, சம்பளத்தில் பத்து சதவீதம் போய்விடும். இது தெரிந்தால் ஒவ்வொருவரும் ஏன் அப்படி அவசரப்பட்டார்கள் என்று புரியும்.

சிராங்கூன்99 எழுதியது:

ஜூடோ தம்பி, நான் கோழைத்தனம்னு சொல்லவே இல்ல. ஆனா நீங்க எழுதினதைப் படிச்சப்புறம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. வோவ்சான்சின்கூட 15 நிமிஷம் ஆன பிறகு சகுராபா பக்கத்துலயும் துண்டு விழுந்துச்சு இல்லையா. அப்ப அப்பா படியில நிக்கல. எப்ப வந்தார்னு தெரியல, என் பக்கத்துல தரையில உட்கார்ந்திருந்தார். "அப்பாடா"ன்னார். காபி ஆறிப்போய் அப்படியே இருந்துச்சு.