25 கிலோவுக்குள் அட்டைப்பெட்டி: அடிப்பக்கம் தாங்க வழி சொல்லுங்கள்

வணக்கம். வரும் வெள்ளி இரவு சிங்கப்பூர்–திருச்சி விமானம். செக்-இன் 25 கிலோ, கையில் 7 கிலோ.

28 அங்குல சூட்கேஸ் காலியாகவே 4.8 கிலோ. சாமான் 22.6. ஆக 27.4. வேக்குவம் பையில் துணியை அமுக்கினால் இடம்தான் மிச்சம், எடை அப்படியே இருக்கிறது. கைப்பையும் நிறைந்துவிட்டது: லேப்டாப், பவர் பேங்க் (அதைச் செக்-இன்னில் போடவே கூடாது), ஒரு லிட்டர் ஜிப் பையில் 56 மில்லி கோடாலித் தைலம் ஆறு.

அதனால் அட்டைப்பெட்டிக்கு மாறினேன். ஐந்தடுக்கு அட்டை, 1.1 கிலோ, மொத்தம் 23.7. எடை சரி, பெட்டிதான் தாங்கவில்லை. ஒன்றரைக் கிலோ மைலோ டின் நான்கும் அடியில், சுற்றிலும் கைலி, துண்டு. கயிற்றைப் பிடித்துத் தூக்கியதும் நடுப்பகுதி தொங்குகிறது, டின்னின் விளிம்பு மூலையை உள்ளிருந்தே கிழிக்கிறது. எச் வடிவில் இரண்டு சுற்று டேப் ஒட்டியாயிற்று. நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் அட்டையின் ஓரத்தில் வெட்டி இறங்குகிறது. டின்களை நடுவுக்கு மாற்றினேன், பெட்டி ஒரு பக்கம் சாய்கிறது. மைலோவை எடுத்துவிடச் சொல்லாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியம்.

பெட்டி கட்டி அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: ஒரு கிலோவுக்கு மேல் கூடாமல் அடிப்பக்கத்துக்கு எதை வைத்து, கயிற்றை எப்படிப் போட்டால் திருச்சி வரை தாங்கும்?