நல்லவன், கெட்டவன் கணக்கு: ஆர்பிஜி விளையாட்டுகளில் அறத்தைப் புள்ளியால் அளப்பது சரிதானா?

வழிப்போக்கன்:
ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கணினி விளையாட்டு வகையைச் சேர்ந்த ஃபால்அவுட் 3 (2008) விளையாட்டைப் பல வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் எடுத்தேன். மெகாடன் என்ற ஊரின் நட்டநடுவில் வெடிக்காத அணுகுண்டு ஒன்று கிடக்கும். அதைச் செயலிழக்கச் செய்யலாம். கூலி வாங்கிக்கொண்டு ஊரையே சாம்பலாக்கவும் செய்யலாம். முன்பு ஊரைக் காப்பாற்றியவன், இம்முறை குண்டை வெடிக்க வைத்தேன். நல்லது கெட்டதை அளக்கும் கர்மா என்ற புள்ளி பாதாளத்துக்குப் போயிற்று. பிறகு ரிவெட் சிட்டி வாசலில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சுத்தமான தண்ணீர் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தேன். பாட்டிலுக்குப் பாட்டில் கர்மா ஏறியது.

எனக்கு மனம் கசந்துவிட்டது. ஓர் ஊரை அழித்ததும் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்ததும் ஒரே தராசில் ஏறும் என்றால், அந்தத் தராசு எதைத்தான் எடை போடுகிறது? பாவ புண்ணியத்துக்குப் பேரேடு எழுதும் இந்த முறை ஆர்பிஜிக்கே ஒவ்வாது என்கிறேன்.

செங்கதிர்:
ஒரு விளையாட்டு பேரேட்டை மோசமாக எழுதியது என்பதற்காகப் பேரேடே கூடாது என்பது அவசரத் தீர்ப்பு. 1985இல் வந்த அல்டிமா 4ஐப் பாருங்கள். கடைசியில் வீழ்த்துவதற்கு அதில் வில்லனே கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டிலும் தேறுவதுதான் குறிக்கோள். மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளை விற்பவருக்குக் கண் தெரியாது. காசை நீங்களேதான் எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் தட்டிக்கேட்க ஆள் இல்லை, திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் உள்ளே நேர்மைக் கணக்கு இறங்கிவிடும். எவ்வளவு தேறியிருக்கிறீர்கள் என்பதை அரண்மனையில் உள்ள ஞானியிடம் நீங்களாகப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

கணக்கு வைப்பதில் தவறில்லை. அதை நொடிக்கு நொடி விளையாடுபவரின் கண்ணில் காட்டுவதுதான் தவறு.

வழிப்போக்கன்:
அல்டிமாவைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த வழியில் போகவில்லையே. மாஸ் எஃபெக்ட் 2 (2010) விளையாட்டில் சாந்தமாக நடந்தால் ஏறும் பாராகன் (நீல நிறம்), கடுமையாக நடந்தால் ஏறும் ரெனிகேட் என்று இரண்டு கணக்குகள். போதிய புள்ளி சேர்ந்தால்தான் சில பேச்சு வரிகள் திறக்கும். நான் பெரும்பாலும் சாந்தமாகவும், தேவைப்பட்ட இடத்தில் கடுமையாகவும் நடந்துகொண்டேன். ஒரு தளபதி அப்படித்தானே இருப்பார்? கப்பலில் என் குழுவைச் சேர்ந்த மிராண்டாவும் ஜாக்கும் மோதிக்கொண்டபோது, இருவரையும் சமாதானப்படுத்தும் வரிகள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. இரண்டு பக்கத்திலும் எனக்குப் புள்ளி போதவில்லை. ஒருவரின் பக்கம் பேசி மற்றவரின் விசுவாசத்தை இழந்தேன்.

அதன் பிறகு நான் வசனத்தைப் படிப்பதையே நிறுத்திவிட்டேன். நீல வரி வந்தால் நீலத்தை அழுத்துவது, அவ்வளவுதான். ஒவ்வொரு இடத்திலும் யோசிக்க வைக்க வேண்டிய அமைப்பு, யோசிப்பவனுக்கு அபராதம் போடுகிறது.

நீலவானம்:
இதையொட்டி ஒன்று. மாஸ் எஃபெக்ட் விளையாடியவர்களில் ஏறத்தாழ 92 சதவீதம் பேர் பாராகன் வழியில்தான் போனார்கள் என்று, அதை உருவாக்கிய பயோவேரில் பணியாற்றிய ஒருவர் 2020இல் சொன்னார். ஏறக்குறைய எல்லோரும் ஒரே கதவு வழியாகப் போகிறார்கள் என்றால், இன்னொரு கதவைச் சுவரில் வரைந்து வைத்ததாகத்தான் அர்த்தம்.

பயோஷாக் (2007) முழுமையான ஆர்பிஜி அல்ல என்றாலும் அதன் கணக்கு இன்னும் வெளிப்படையானது. அதில் வரும் சிறுமிகளில் ஒருத்தியைப் பலிகொடுத்தால் 160 ஆடம் (சக்திகளை வாங்க உதவும் பொருள்), காப்பாற்றினால் 80. ஆனால் மூன்று பேரைக் காப்பாற்றினால் 200 பரிசாக வரும். மூன்று பேருக்குக் கூட்டிப் பாருங்கள்: 480க்கு 440. மூன்று குழந்தைகளின் உயிரை விட்டுக்கொடுக்க எவ்வளவு தூண்டுதல் இருக்க வேண்டுமோ, அதை நாற்பதாகக் குறைத்துவிட்டார்கள். நல்லவனாக இருப்பதில் ஏறக்குறைய இழப்பே இல்லை என்றால் அங்கே என்ன சோதனை இருக்கிறது?

செங்கதிர்:
அந்த 92 சதவீதத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். யாரும் கேட்கப்போவதில்லை, தண்டனையும் கிடையாது. அப்படியிருந்தும் பொம்மை மனிதர்களிடம்கூடக் கடுமையாகப் பேச இத்தனை பேருக்கு மனம் வரவில்லை. இதைத் தோல்வி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மற்ற கதவு திறந்திருந்தும் உள்ளே போகாமல் திரும்பினார்களே, அதுவும் தேர்வுதான்.

இன்னொன்று. கணக்கே வைக்காத விளையாட்டு என்று எல்லோரும் விட்சர் 3 (2015) பக்கம் கைகாட்டுகிறார்கள். அதில் மரத்துக்குள் சிறைப்பட்ட ஆவியை விடுவித்தால் சதுப்பு நிலத்து அநாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள். ஆனால் பக்கத்துக் கிராமம் அழியும், பாரன் என்ற பிரபுவின் மனைவி இறப்பாள், பாரனும் தூக்கில் தொங்குவான். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் போய்விடுவார்கள். தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இதில் பாதிகூட நமக்குத் தெரியாது. தெரியாமல் போட்ட சீட்டுக்கு அறத் தேர்வு என்று பெயர் வைக்கலாமா?

வழிப்போக்கன்:
சீட்டு என்று சொல்லாதீர்கள். நான் அந்த ஆவியை விடுவித்தவன். அது பொய் சொல்லக்கூடும் என்று தெரிந்துதான் விடுவித்தேன். குழந்தைகளின் முகத்தை அதற்கு முன்பே பார்த்திருந்தேன், ஒளிந்து விளையாடியிருந்தேன். கிராமத்து மக்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்களுக்காகத் தெரியாதவர்களைப் பணயம் வைத்தேன் என்பது பாரனின் முற்றத்து மரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மீட்டரும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009) இதை நெருங்கிவந்து கெடுத்துக்கொண்டது. பேய் பிடித்த சிறுவன் கானரைக் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவன் தாயைப் பலியிட வேண்டும். நெஞ்சை அடைக்கும் கட்டம். ஆனால் மந்திரவாதிகளின் கோபுரத்துக்குப் போய் உதவி கேட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது! அவ்வளவு தூரம் போய் வருவதற்குள் ஊரில் ஒருவர்கூடச் சாவதில்லை. இப்படி ஒரு மூன்றாம் வழி இருப்பது தெரிந்த பிறகு முதல் இரண்டும் செத்த வழிகள்.

மூன்றாம்சாமம்:
முற்றத்து மரத்தைப் பார்த்த பிறகு பழைய சேவுக்கு (முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்கு) திரும்பினீர்களா?

வழிப்போக்கன்:
இல்லை. விரல் பொத்தான்வரை போனது, ஆனால் நான் பழைய சேவுக்குத் திரும்பவில்லை.

மூன்றாம்சாமம்:
நான் அண்டர்டேலில் (2015) திரும்பினேன். தொடக்கத்தில் நம்மைத் தாய்போலப் பார்த்துக்கொள்ளும் டோரியலைச் சண்டையில் கொன்றுவிட்டேன். தாங்க முடியாமல் விளையாட்டை மூடி, பழைய சேவிலிருந்து தொடங்கி அவளை உயிரோடு விட்டேன். அடுத்த அறையில் பேசும் பூ ஒன்று, நான் கொன்றதும் வருந்தித் திரும்பி வந்ததும் தனக்குத் தெரியும் என்றது. வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு அப்படி முதுகு சில்லிட்டதில்லை.

கணக்கைக் காட்டுவது தவறு என்று செங்கதிர் சொன்னதற்கு மாறாக இங்கே நடக்கிறது. அண்டர்டேலிலும் கணக்கு உண்டு, திரையிலேயே தெரியும். ஈஎக்ஸ்பி என்றால் அனுபவப் புள்ளி என்று எல்லா ஆர்பிஜியையும் போல நினைத்துக்கொண்டு சேர்த்துக்கொண்டே போவோம். முடிவை நெருங்கும்போதுதான் அது கொலைப் புள்ளி என்றும், அதோடு ஏறும் லவ் என்பது வன்முறையின் அளவு என்றும் சான்ஸ் என்ற பாத்திரம் சொல்கிறான்.

செங்கதிர்:
நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கணக்கைக் காட்டக் கூடாது என்றேன். அண்டர்டேல் காட்டியும் ஜெயித்திருக்கிறது. அது நம் பழக்கத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்றியது.

வழிப்போக்கன்:
நானும் ஓரடி இறங்கி வருகிறேன். உள்ளே ஒளித்து வைத்தோ, இப்படி அர்த்தத்தை மாற்றியோ கணக்கு வைக்கட்டும். ஆனால் புள்ளி போதவில்லை என்று என் வாயைப் பூட்டும் அந்தச் சாம்பல் வரிகளை மட்டும் நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். மிராண்டாவிடமும் ஜாக்கிடமும் எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தது.