தண்டுவடம் அடிபட்டவருக்குத் துணையாகப் போகிறவர்கள் கவனத்துக்கு: அனுபவப் பகிர்வு

சக ஆலோசகர், சக்கர நாற்காலிப் பயனாளர்:

முதல் சந்திப்பில் தன்னம்பிக்கை பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். வந்து போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கட்டில் உயரத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள், அரை மணி நேரம் போதும். "நடந்துடுவீங்க" என்ற வாக்கும் வேண்டாம், "இனி அவ்வளவுதான்" என்ற தீர்ப்பும் வேண்டாம். முதல் சில வாரங்கள் தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும். அது தெளிந்த பிறகுதான் மருத்துவரே ஓரளவு சொல்ல முடியும்.

அதற்குப் பதில் ஒரு வேலையைக் காட்டிக் கொடுங்கள். கையில் பலம் இருந்து, புரள மருத்துவர் அனுமதித்திருந்தால் பேன்ட் போடுவதில் தொடங்கலாம். இரண்டு காலையும் நுழைத்துத் தொடை வரை இழுக்க வேண்டும். வலப்பக்கம் புரண்டு இடது இடுப்பில் ஏற்ற வேண்டும், பிறகு இடப்பக்கம் புரண்டு வலதில். தளர்வான, பின்பாக்கெட் இல்லாத பேன்ட்டாக இருக்கட்டும். பாக்கெட் தையலே புண்ணாக்கிவிடும். நேரம் பிடிக்கும். வீட்டார் பொறுக்க மாட்டாமல் கைகொடுக்க ஓடி வருவார்கள். அவர்களை டீ போட அனுப்பிவிடுங்கள்.

செவிலியர், மறுவாழ்வுப் பிரிவு:

மேலே சொன்னதோடு தோலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனம் தேறி வருகிற ஆளை மறுபடி மாதக்கணக்கில் படுக்கப்போடுவது படுக்கைப்புண்தான். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பு எலும்பின் மேல் பாரம் விழும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வே சரி. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள்.

நாற்காலியில் அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து, நெஞ்சைத் தொடைமேல் சாய்த்து 2 நிமிடம் இருக்க வேண்டும். கையூன்றி எழும்புவதை மட்டும் நம்பக் கூடாது. அவ்வளவு நேரம் யாராலும் தாங்க முடியாது, தோள்பட்டையும் தேயும்.

காலையும் இரவும் கைக்கண்ணாடி வைத்துப் பின்புறத்தை அவரே பார்க்கப் பழக்குங்கள். சிவப்பாக இருக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் பழைய நிறம் திரும்பும் வரை அந்த இடத்தில் பாரமே விழக் கூடாது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடும் கெட்டிப்பும் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே எண்ணெய் தேய்த்து நீவுவது தப்பு. மருந்துக்கடையில் விற்கும் நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையமும் தப்பு, சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அது அடைத்துவிடும். சூடான பாத்திரத்தை மடியில் வைத்துக் கொண்டுபோகும் வழக்கமும் கூடாது. வெந்தது தெரியாது.

இயன்முறை மருத்துவர்:

சிறுநீரைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசுங்கள். வெளியே போக அஞ்சுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுக்கும் முறையை சிஐசி என்பார்கள். ஒரு வேளைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பயணம் என்றால் தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள்; கல்லும் தொற்றும் வருவது அதனால்தான்.

டி6 (நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேலே அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டையிடி, முகத்தில் வியர்வை, சிவப்பு என்றால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இடுப்பு இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுச் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். சரியாகவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை.

சக ஆலோசகர்:

முன்னுதாரணம் கேட்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்வது வழக்கம். வேலூர் சிஎம்சியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. உட்கார்ந்தபடி செய்யக்கூடியது என்பதால் தொழுநோயாளிகளின் கை அறுவை சிகிச்சையைத் தேர்ந்துகொண்டார். பின்னாளில் அங்கேயே மறுவாழ்வுத் துறையைக் கட்டி எழுப்பினார். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் கழுத்து அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், தனக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சாதனைக் கதையாக இதைச் சொன்னால் கேட்பவர் சுருங்கிப் போவார். மீந்திருக்கும் உடம்புக்குப் பொருந்தும் வேலையைத் தேடிய கணக்காகச் சொன்னால் காது கொடுப்பார்.

அடிபட்டவரே இன்னொருவருக்குத் துணையாகப் போவது எப்போது? தோல், சிறுநீர், மலம் மூன்றும் சொந்தக் கட்டுப்பாட்டில் வந்த பிறகு. முதல் சில முறை பழகிய ஒருவரோடு போகட்டும். எதிரில் இருப்பவர் சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் நேராகவே கேட்க வேண்டும். தனியே விடாமல் வீட்டாரிடம் சொல்லி, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேச வைக்க வேண்டும். கிளம்பும்போது பையில் கூடுதலாக இரண்டு குழாய், ஒரு மாற்று பேன்ட்.