புதுப்பிப்பு: மயான காண்டத்தில் லோகிதாசன் அசையாமல் படுத்திருக்க வழி

அரிச்சந்திரனாக நானும் அவன் மகன் லோகிதாசனாக என் 6 வயது மகனும் நடிக்கும் ஊர் நாடகத்தின் மயான காண்டத்தில் (சுடுகாட்டுக் காட்சியில்), பாம்பு தீண்டி இறந்து கிடக்க வேண்டிய பையன் அசைகிறான், சிரிக்கிறான், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நாடகம் முடிந்தது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிப் படுக்க வை" என்ற யோசனைதான். ஒருக்களித்து, முழங்காலை லேசாக மடக்கி, முதுகு சபைக்குத் தெரிய வேண்டும். மல்லாந்து படுத்தால் வயிறு ஏறி இறங்குவது முன்வரிசைக்கே தெரிந்துவிடும். லோகிதாசனின் தாய் சந்திரமதியாக நடித்தவர் ஒப்பாரியைத் தொடங்கும்போதே முந்தானையை இடுப்புவரை போட்டுவிட்டார், மூச்சு மறைந்தது. "கண்ணை மூடு" என்று சொல்லாதீர்கள், இமை துடிக்கும். "20 வரை மனசுக்குள் எண்ணு, மறுபடி முதலிலிருந்து" என்றால் போதும்.

தூக்கம்: மதியம் 2 முதல் 5 வரை தூங்க வைத்தோம். இரவில் அவன் காட்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு எழுப்பினோம். பத்து நிமிடம் முன்பு எழுப்பினால் வசனம் வராது, அழுகைதான் வரும். சிறுநீர் கழிக்க வைத்த பிறகே வேட்டி கட்டுங்கள்.

எதிர்பாராதது இரண்டு. ஒன்று கொசு: விளக்கடியில் கால் சொறிந்தான். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து முன்பே தடவியிருக்கலாம். இன்னொன்று வாள். சந்திரமதியை வெட்ட நான் ஓங்கியதும் "பிணம்" எழுந்து உட்கார்ந்துவிட்டது! ஒத்திகையில் வெறுங்கையை ஓங்கியதுதான் தவறு. அட்டை வாளைப் பையன் கையாலேயே வெள்ளித்தாள் ஒட்டிச் செய்ய வையுங்கள்.