நல்லா ஓடுற மெஷினை மாத்த வைக்கிறது ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா?

பழையபெட்டி:
என்னோட லேப்டாப் இன்டெல் ஏழாவது ஜெனரேஷன் ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ராம், ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஹார்ட் டிஸ்க்கை கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டேன், பவர் பட்டனை அமுக்கிட்டு சேரை இழுத்துப் போட்டு உக்கார்றதுக்குள்ள டெஸ்க்டாப் வந்து நிக்குது. ஒரு குறையும் இல்ல. ஆனா விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, சரி 11-க்கு போலாம்னு செக் பண்ணா டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சாவிகளைப் பூட்டி வைக்கிற சிப்) ஓகே, செக்யூர் பூட் (ஆன் ஆகும்போதே நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் விடற வசதி) ஓகே, ராம் ஓகே, ப்ராசசர் மட்டும் ஆகாதாம். இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்லேர்ந்துதான் எடுத்துப்பாங்களாம். மெஷினுக்கு வயசாகல, சாஃப்ட்வேர்காரங்க ஒரு லிஸ்ட்டைப் போட்டு வயசாக்கிட்டாங்க. இது தப்புங்கறேன். மறுக்கிறவங்க காரணத்தோட வாங்க.

நள்ளிரவு_கோடர்:
மறுக்கிறேன் அண்ணா. எங்கயாச்சும் ஒரு கோடு போட்டாத்தான் பாதுகாப்பை அடுத்த படிக்கு கொண்டு போக முடியும். 2018 ஜனவரில மெல்ட்டவுன், ஸ்பெக்டர் வெளிய வந்துச்சே, அது சிப்புக்குள்ளயே இருந்த ஓட்டை. அடுத்து என்ன வேலை வரும்னு ப்ராசசர் யூகிச்சு முன்கூட்டியே செஞ்சு வச்சுக்கும்ல, அந்த யூகம் கேஷ் மெமரில (ப்ராசசர் கைக்கெட்டுற தூரத்துல வச்சுக்கற வேகமான மெமரி) விட்டுட்டுப் போற தடத்தை வச்சே அடுத்தவங்க டேட்டாவை படிச்சிடலாம். பேட்ச் போட்டு அடைச்சாங்க, ஆனா பழைய சிப்புலதான் வேகம் ரொம்ப அடி வாங்குச்சு. ஹார்டுவேர் மாறாம சாஃப்ட்வேரை மட்டும் வச்சு எல்லாத்தையும் சரிக்கட்ட முடியாது, இதுதான் உண்மை.

பழையபெட்டி:
தம்பி, நீங்க சொன்ன உதாரணமே என் பக்கம்தான் சாயுது. எட்டாவது ஜெனரேஷன் 2017-லயே கடைக்கு வந்துருச்சு, மெல்ட்டவுன் வெளிய தெரியறதுக்கு முன்னாடி. அதுலயும் அதே ஓட்டைதான் இருந்துச்சு, ஆனா அது லிஸ்ட்ல இருக்கு. இன்னொண்ணு, விண்டோஸ் 11-ல மெமரி இன்டெக்ரிட்டின்னு ஒரு பாதுகாப்பு இருக்கே, அது மெஷினை மெதுவாக்காம ஓடறதுக்கு சிப்புல இருக்க வேண்டிய வசதி இன்டெல்ல ஏழாவது ஜெனரேஷன்லயே வந்துருச்சு. அப்போ கோட்டை ஏன் ஏழுக்கு மேல போட்டீங்க? கோடு போடறதை நான் எதிர்க்கல, இந்த இடத்துல போட்டதுக்கு காரணம் கேக்கறேன்.

மழைத்துளி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நீங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டரைப் பத்தியே பேசுறீங்க, போன்ல கதை வேற. போன வருஷம் என் போன்ல ஒரு அப்டேட் வந்தப்புறம் மெசேஜ் டைப் பண்ண தொட்டா கீபோர்டு ஒரு நொடி யோசிச்சுட்டுதான் மேல வரும், சார்ஜ் 30 காட்டும்போதே பட்டுனு ஆஃப் ஆகிடும். நானும் அப்டேட்டைத்தான் திட்டிட்டு இருந்தேன். பேட்டரி மாத்தினேன், ரெண்டும் நின்னுருச்சு. அப்டேட் அதே அப்டேட்தான்.

லித்தியம் பேட்டரி பழசானா உள்ளே ரெசிஸ்டன்ஸ் ஏறிடும், ப்ராசசர் திடீர்னு நிறைய கரண்ட் இழுக்கும்போது வோல்டேஜ் சரிஞ்சு போன் அணைஞ்சிடும். அதைத் தடுக்கத்தான் ஆப்பிள் 2017-ல ஐஓஎஸ் 10.2.1-ல பழைய ஐபோனோட வேகத்தை குறைச்சாங்க. குறைச்சது சரிதான், அணைஞ்சு போறதை விட மெதுவா ஓடறது மேல். ஆனா எதுக்கு மெதுவாகுதுன்னு சொல்லவே இல்ல, டிசம்பர்லதான் ஒத்துக்கிட்டாங்க. பேட்டரி மாத்தினா சரியாகிடும்னு தெரியாம எத்தனை பேர் புது போனே வாங்கியிருப்பாங்க! அடுத்த வருஷம் பேட்டரி ஹெல்த்னு ஒரு பக்கம் செட்டிங்ஸ்ல வந்துச்சு, அதை முதல் நாளே குடுத்திருக்கணும்.

நள்ளிரவு_கோடர்:
மழைத்துளி சொன்னது நூத்துக்கு நூறு. நானும் இதைத்தான் சொல்ல வர்றேன், சாஃப்ட்வேர் எதிரி இல்ல. 2018-ல கூகுளோட பிக்சல் போன்ல நைட் சைட்னு ஒரு கேமரா வசதி வந்துச்சு, புது போனுக்கு மட்டும் இல்ல, 2016-ல வந்த முதல் பிக்சலுக்கும் குடுத்தாங்க. அதே லென்ஸ், அதே சென்சார், ஆனா நிறைய பிரேமை எடுத்து ஒண்ணா சேர்த்து இருட்டுல படம் எடுக்க ஆரம்பிச்சுருச்சு. ரெண்டு வருஷ பழைய போனுக்கு அப்டேட் வழியா புதுக் கண்ணே வந்த மாதிரி. இதையும் கணக்குல எடுங்க.

ஒரு விஷயத்துல எங்க மேலதான் தப்பு, ஒத்துக்கிறேன். நான் ஆப் எழுதுறவன், டெஸ்ட் பண்றது எப்பவும் புது மெஷின்ல. இப்ப நிறைய டெஸ்க்டாப் சாட் ஆப் உள்ளுக்குள்ள ஒரு முழு பிரவுசரையே தூக்கிட்டு வருது, அப்படி நாலு ஓடினா 8 ஜிபி ராம் திணறத்தான் செய்யும்.

பழையபெட்டி:
அப்படி திணறும்போது ராம் கூட்டிக்கலாம்னா இப்ப அதுவும் போர்டோட சால்டர் பண்ணி வருதே. சாஃப்ட்வேர் கனமாகிட்டே போகுது, ஹார்டுவேரோ வாங்குன அன்னிக்கு இருந்தபடியே பூட்டிக் கிடக்குது. இந்த ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கறதுதான் என்னை கொதிக்க வைக்குது.

நள்ளிரவு_கோடர்:
சால்டர் பண்றதுக்கு நியாயம் இருக்கு அண்ணா. சிப்புக்கும் ராமுக்கும் தூரம் குறைஞ்சாத்தான் அந்த வேகம் வரும், பேட்டரியும் ரொம்ப நேரம் தாங்கும். 2020-ல வந்த எம்1 மேக்ல ராம் சிப்போட ஒரே பேக்கேஜ்ல இருக்கறதும் அதோட பலம்.

மழைத்துளி:
ஆனா 2023 டிசம்பர்ல கேம்2 ஸ்டாண்டர்டை ஜெடெக் (மெமரிக்கு ஸ்டாண்டர்டு போடற அமைப்பு) வெளியிட்டாங்களே, ஸ்க்ரூ போட்டு மாட்டுற ராம் மாட்யூல், போன்ல வர்ற மாதிரி குறைஞ்ச பவர் ராமையும் அதுல வைக்கலாம். வழி இல்லன்னு இனிமே சொல்ல முடியாது. போன் பக்கமும் அப்படித்தான், பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருஷ அப்டேட் சொல்லிட்டாங்க, ஆனா பேட்டரி பசை போட்டு ஒட்டித்தான் இருக்கு, அது 7 வருஷம் அப்படியே தாங்காது. வாக்கு குடுத்த சாஃப்ட்வேருக்கு ஈடா பேட்டரியை சுலபமா மாத்துற மாதிரி குடுக்கணும்.

நள்ளிரவு_கோடர்:
இதுல எனக்கு எதிர்ப்பு இல்ல. அண்ணா, உங்க லேப்டாப்புக்கு விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டு பாத்தீங்களா?

பழையபெட்டி:
பென்டிரைவ்ல போட்டு ஓட்டிப் பாத்தேன், வைஃபை, சவுண்டு எல்லாம் தானா எடுத்துக்கிச்சு. ஆனா என் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும், பத்து வருஷ கணக்கு அதுக்குள்ள இருக்கு.

நள்ளிரவு_கோடர்:
அப்போ ரெண்டையும் வைங்க. எஸ்எஸ்டியைப் பிரிச்சு ஒரு பக்கம் மின்ட், நெட் வேலை எல்லாம் அதுல. இன்னொரு பக்கம் விண்டோஸ் 10, அதுல நெட்டையே கட் பண்ணிட்டு கணக்கு மட்டும் பாருங்க. பிரிக்கறதுக்கு முன்னாடி கணக்கை வேற டிஸ்க்ல பேக்கப் எடுத்துடுங்க, அதை மட்டும் மறக்காதீங்க.

பழையபெட்டி:
பேக்கப் ஓடிட்டு இருக்கு தம்பி, நாளைக்கு பிரிக்கறேன். ஏழாவது ஜெனரேஷனை ஏன் விட்டாங்கங்கற கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லல.