ஆண்டிபயாட்டிக் முடிந்தும் இருமல் நிற்கவில்லை. அதிமதுரக் கஷாயம் கொடுக்கலாமா?

செந்தூல்வாசி:
அம்மாவுக்கு 63 வயது. 12 நாளாக இருமல். கிளினிக்கில் பிராங்கைட்டிஸ் (மூச்சுக்குழாய் அழற்சி) என்று சொல்லி 5 நாளுக்கு அமோக்சிசிலின் கொடுத்தார்கள், முடிந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, ஆனால் சளி இன்னும் மஞ்சளாக வருகிறது, ராத்திரியில் தூங்க முடியவில்லை. பிரஷருக்கு பெரிண்டோபிரிலும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சாப்பிடுகிறார். வேறு கிளினிக்கில் இன்னும் பலமான ஆண்டிபயாட்டிக் கேட்கவா? பிரிக்பீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம், திப்பிலி, ஆடாதோடை வாங்கி வைத்திருக்கிறோம். அதைக் கொடுக்கலாமா?

மருந்துமேசை:
முதலில் அதிமதுரத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். அதிலுள்ள கிளிசிரைசின் பிரஷரை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தை இறக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடும் பொட்டாசியத்தை வெளியேற்றும் மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் தசை சோர்வு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம்.

ஆண்டிபயாட்டிக் ‘பலிக்கவில்லை’ என்று நினைக்காதீர்கள். திடீரென வரும் பிராங்கைட்டிஸ் பெரும்பாலும் வைரஸ் வேலை, ஆண்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. மஞ்சள், பச்சை நிறம் வெள்ளை அணுக்களிலிருந்து வருவது. அதை வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது. வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாயின் உள்தோல் ஆறும்வரை இருமல் இருக்கும், 3 வாரம் வரை சாதாரணம். இன்னொரு கோர்ஸ் எடுத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

இருமல் சிரப் வாங்கினால் அட்டையின் பின்பக்கம் படியுங்கள். சூடோஎபெட்ரின் இருந்தால் பிரஷர்காரருக்கு வேண்டாம். டைபென்ஹைட்ரமைன் தூக்கம் தரும், ஆனால் சளியைக் கெட்டியாக்கி உள்ளேயே நிறுத்திவிடும். சளி இளக புரோம்ஹெக்சின் 8 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 3 வேளை. அல்சர் இருந்தால் ஃபார்மசியில் முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. சளி நின்ற பிறகும் தொண்டையில் குறுகுறுவென்று வறட்டு இருமல் மட்டும் தொடர்ந்தால் பெரிண்டோபிரில் காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். மாற்றிய பிறகும் அந்த இருமல் அடங்கச் சில வாரம் பிடிக்கும்.

வேரும்பட்டையும்:
மேலே சொன்ன புரோம்ஹெக்சினுக்கு மூலமே ஆடாதோடையிலுள்ள வாசிசின்தான். அதனால் மாத்திரையும் இலையும் ஒரே நேரத்தில் தேவையில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அம்மா மாத்திரை எடுக்கட்டும், ஏனென்றால் கஷாயத்தில் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. கர்ப்பிணிகள் ஆடாதோடை பக்கமே போகக்கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும். திப்பிலி வேறு மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டக்கூடியது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதுவும் வேண்டாம்.

ராத்திரி இருமலுக்குத் தேன் நல்லது. படுக்கப் போகும்போது ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான நீரில். சர்க்கரை வியாதி இருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு டீஸ்பூனில் சுமார் 6 கிராம் சர்க்கரை. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கற்பூரவள்ளி இரண்டு இலையை நீரில் கொதிக்கவிட்டுக் கொடுத்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆவி பிடித்தால் மூக்கு திறக்கும், நுரையீரலின் அடிவரை போகாது. மடியில் கொதிநீர்ப் பாத்திரம் வைத்து வெந்து போகிறவர்கள் அதிகம், அதனால் மேசைமேல் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தைலமும் ஊற்ற வேண்டாம்.

பெட்டியில் ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று போட்ட ஆயத்த மருந்து வாங்கினால், MAL என்று தொடங்கி எட்டு எண்ணும் கடைசியில் T எழுத்தும் உள்ள மலேசியப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் மூச்சு லேசாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சரக்காக இருக்கலாம்.

செந்தூல்வாசி:
நன்றி, அதிமதுரம் குப்பைக்குப் போகிறது. எப்போது திரும்ப டாக்டரிடம் போக வேண்டும்?

நெஞ்சுவார்டு:
உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அவர் கவனிக்காதபோது எண்ணுவது நல்லது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். 24க்கு மேல் போனாலோ, காய்ச்சல் திரும்பி வந்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ அன்றே போங்கள், எக்ஸ்ரே தேவைப்படும். வயதானவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வரும், திடீர்க் குழப்பம் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜனை 92 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள். ஆனால் நகப்பூச்சைத் துடைத்து, விரலைச் சூடாக்கிவிட்டு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளில் இரண்டு வாரம் ஆகிறது. நம் மலேசியாவில் இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்வது வழக்கம், எல்லாம் நல்லபடியாக இருந்தாலும் சளியைக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) கொடுத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுத்த சளியாக இருக்க வேண்டும். எச்சில் கொடுத்தால் திரும்பவும் வரச் சொல்வார்கள்.

வீட்டில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். வெளியே போனால் என்95 போட வேண்டும், சாதாரண முகக்கவசம் அந்த நுண்தூசியைச் சரியாகத் தடுக்காது.